எல்லாம் நல்ல பதில்

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் மான்சிக்கின் கையில் ஒரு செல்போனைக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். போன் அவருடையது அல்ல, மனைவி ஹேசுனுடையது. ‘உங்கள் உளவியல் பரிசோதனையின் முடிவைச் சனிக்கிழமை காலை விளக்குகிறோம்’ என்று அதில் ஒரு செய்தி. மனிதர் அதை இரண்டு நாளாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் வெடித்தார். அன்றைக்குப் பார்த்துத்தான் மகன் குன்ஹோவின் கல்யாணம் பேச இரண்டு குடும்பமும் சந்திக்கிற நாள்.

“நெஞ்சுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டார். அப்புறம் எவளோ ஒருத்திகிட்ட கம்ப்யூட்டர்ல உக்காந்து குடும்பத்தைப் பத்திப் பேசணுமா?”

“குடும்பத்தைப் பத்தி இல்லைங்க. என்னைப் பத்தி.”

“நீ வேற, குடும்பம் வேறயா?”

ஹேசுன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். நீர் வாரியத்தில் துணை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் மான்சிக். அன்றிலிருந்து மூன்று வேளையும் வீட்டில்தான் சாப்பாடு. ஹேசுனின் சிநேகிதிகள் அவருக்கு ‘மூணு வேளைக்காரர்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஹேசுனோ இன்னும் வேலைக்குப் போகிறவள். கொரியாவின் ஜெச்சோன் ஊர் ஓட்டுநர் பள்ளியில் இருபது வருஷமாகப் பயிற்சியாளர். நடைபாதை மேல் காரை ஏற்றியவனிடம்கூட அவள் குரல் உயர்த்தியதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்குப் போன மாதம் பைபாஸ் சாலையில், பயிற்சிக்கு வந்த ஒரு பெண் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, மூச்சு அடைத்துப்போயிற்று. கண் இருட்டி, தன் பக்கத்து பிரேக்கை முழுசாக மிதித்துவிட்டாள். பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் ஒதுங்கிப்போனது.

அந்தப் பெண்ணோ தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து, “மன்னிச்சிருங்க டீச்சர்” என்று அழுதாள். ஹேசுனால் அந்த மன்னிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு சாலை வகுப்புக்குப் போகவில்லை. பள்ளியின் பயிற்சி மைதானத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு முறை அப்படி ஆனால் யாராவது சாவார்கள் என்ற பயம் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சாலை வகுப்பில் உட்கார முடியுமா, முடியாதா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உள்ளூரில் யாரிடம் போய்ச் சொல்வது? மனநல மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கு பார்க்கிங் சொல்லிக்கொடுத்தவளே ஹேசுன்தான். அதனால்தான் பூசானில் இருக்கிற, முன்பின் தெரியாத ஆலோசகரைக் கம்ப்யூட்டரில் பிடித்தாள்.

“இன்னைக்கோட நிறுத்திரு” என்றார் மான்சிக். “கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம். பொண்ணு வீட்டுக்கு இது தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?”

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. வோஞ்ஜு ஊரிலிருந்து சம்பந்தி, பெண்ணின் அப்பா. சந்திப்பை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“அது வந்து சம்பந்தி, வீட்டுல அவளுக்குக் காலைல ஒரு கிளாஸ் இருக்கு... என்ன கிளாஸா? அது...” மான்சிக்கின் கண் அலமாரியைத் தடவி, மகனின் பழைய சீனப் பாடப் புத்தகத்தில் வந்து நின்றது. “சீன மொழி. ஆமா, ஆன்லைன்ல. ரொம்ப ஆர்வமாப் படிக்கிறா.”

போனை வைத்துவிட்டு, பெரிய கண்டத்திலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் போல சூப்பைக் குடித்தார். ஹேசுன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

*

“டீச்சர், இப்ப எங்க இருக்கீங்க?”

ஆலோசகர் ஹோங் ஒவ்வொரு முறையும் இதைத்தான் முதலில் கேட்பார். முதல் தடவை ஹேசுனுக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது, ஏதாவது விற்கப் பார்க்கிறாளோ என்று. பேசிக்கொண்டிருக்கும்போது மூச்சு அடைத்தால் பூசானிலிருந்து ஓடிவர முடியாது, ஆம்புலன்ஸை அனுப்ப இடம் தெரிய வேண்டும் என்று ஹோங் சொன்ன பிறகுதான் சமாதானமானாள். இருவரும் ஒருவரையொருவர் டீச்சர் என்றே அழைத்துக்கொண்டார்கள்.

“வீட்டு பால்கனியில. கிம்ச்சி ஊறுகாய் வைக்கற ஃப்ரிட்ஜ் பக்கத்துல.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சு விடறது கேக்குது.”

“இயர்போன் போட்டிருக்கீங்க. நான் பேசறது அவருக்குக் கேக்காது. ஆனா நீங்க பேசறது கேக்கும். வேற நேரம் வச்சுக்கலாமா?”

“வேண்டாம். கேட்டுட்டுப் போகட்டும்.”

ஹோங் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

“பரிசோதனை முடிவைப் பாத்தேன், டீச்சர். என்னால அதை வாசிக்க முடியல.”

“ஏன், கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா?”

“இல்ல. ரொம்ப நல்லா வந்திருக்கு.”

ஹேசுனுக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. ஐநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள். ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தாள்.

“யார் மேலயும் கோபமே வந்ததில்லன்னு போட்டிருக்கீங்க. பொய்யே சொன்னதில்ல. அடுத்தவங்க நல்லா இருக்கறதைப் பாத்து ஒரு நிமிஷம்கூட மனசு சுருங்கினதில்ல. படுத்தா உடனே தூக்கம். போன வாரம் என்கிட்ட, தூக்கமே வர்றதில்ல, கூடத்துல நடந்துகிட்டே இருக்கேன்னு சொன்னீங்க.”

“அது உங்ககிட்ட சும்மா பேசினது. இது டெஸ்ட்.”

“அதனால?”

“அதனால நல்ல பதிலாப் போட்டேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. குன்ஹோ கம்பெனி வேலைக்கு முயற்சி செய்தபோது, அங்கே ஆளுடைய குணத்தைப் பார்க்கவென்று ஒரு தேர்வு இருந்தது. அதற்கும் ஒரு டியூஷன் சென்டர், அதற்கும் செங்கல் கனத்தில் ஒரு மாதிரி வினா புத்தகம். ஹேசுன்தான் பேரிக்காய் நறுக்கி வைத்துக்கொண்டு தினமும் மகனுக்குக் கேள்வி வாசித்தாள். கம்பெனிக்கு எது பிடிக்குமோ அதைப் போடு, தயங்காதே, நடுவில் நிற்கிற பதிலைத் தொடாதே என்று அந்த டியூஷன் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது மகனை விட அம்மாவுக்கு நன்றாகப் பதிந்துபோயிற்று. கேள்வித்தாள் என்று ஒன்றைக் கண்டால் எது சரியான விடை என்று தேடாத ஆள் இந்த நாட்டில் கிடைப்பது கஷ்டம். ஹேசுன் மட்டும் விதிவிலக்கா?

“இப்படி ரொம்ப நல்லவங்களாத் தெரியறவங்களைக் கண்டுபிடிக்கவும் அதுலயே கேள்விகள் இருக்கு” என்றார் ஹோங். “யார் வீட்டை முழுசாத் திறந்து காட்டறாங்க, யார் வரவேற்பறையை மட்டும் காட்டறாங்கன்னு தெரிஞ்சிரும்.”

“அப்ப என்னைப் பொய்க்காரிங்கறீங்க.”

“இல்ல, டீச்சர்.”

“வேற எப்படி எடுத்துக்கறது? நான் இருபது வருஷமா ஆளுங்களை டெஸ்ட்டுக்குத் தயார் பண்றவ. எத்தனை மார்க் குறைச்சீங்க, சொல்லுங்க. பாஸ் ஆக எத்தனை வேணும்?”

“இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல.”

“பாஸும் ஃபெயிலும் இல்லாத டெஸ்ட்டை எதுக்கு எழுதணும்?”

“இஞ்சின்ல சத்தம் வருதுன்னு மெக்கானிக்கிட்ட போறீங்க. போய், வண்டியை நல்லாத் துடைச்சு நிறுத்திட்டு, பானெட்டைத் திறக்க மாட்டேன்னா அவர் என்ன பண்ணுவார்? பைபாஸ்ல மறுபடி மூச்சு அடைச்சா என்ன செய்யணும்னு நாம சேர்ந்துதான் வழி பாக்கணும். இந்தத் தாள்ல இருக்கற அம்மாவுக்கு மூச்சே அடைக்காது. அவங்களை வச்சுகிட்டு நான் என்ன பண்றது?”

ஹேசுனுக்கு முகம் சுட்டது. தன்னை விட இருபது வயது சின்னவள், எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு தன் பதிலைச் செல்லாது என்கிறாள்.

“எனக்கு இப்ப உங்க மேல கோபம் வருது, டீச்சர்.”

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

“நல்லது” என்றார் ஹோங், கொஞ்சமும் சிரிக்காமல். “இதைப் பரிசோதனையிலயும் சொல்லுங்க. லிங்க்கை மறுபடி திறந்து விடறேன், இன்னைக்கு முழுக்க இருக்கும். ஒரே மூச்சில முடிக்கப் பாருங்க. எழுதும்போது பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. யார்கிட்டயும் கேக்கக் கூடாது. முதல்ல என்ன தோணுதோ அதைப் போடுங்க. போதும்.”

ஹேசுன் வணக்கம்கூடச் சொல்லாமல் லேப்டாப்பை மூடினாள். கதவைத் திறந்தபோது மான்சிக் அவசர அவசரமாக ஒரு பூந்தொட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தத் தொட்டியில் ஒரு வருஷமாகச் செடி கிடையாது.

*

பெண் வீட்டார் நல்ல மனிதர்கள்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். ஹோட்டலின் தனி அறையில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் குனிந்து வணங்கி, பெண் யேசோலின் சமர்த்தைப் பிள்ளை வீட்டாரும், குன்ஹோவின் பொறுப்பைப் பெண் வீட்டாரும் மாற்றி மாற்றிப் புகழ்ந்தார்கள். பொரித்த மீன் வந்தது. வேகவைத்த விலா எலும்புக் கறி வந்தது. அக்டோபர் நடுவா, நவம்பர் தொடக்கமா என்று தேதி வரைக்கும் பேச்சு நகர்ந்தது.

சம்பந்தி இரண்டாவது கிண்ணம் மதுவை முடித்ததும் முகம் மலர்ந்து ஹேசுன் பக்கம் திரும்பினார். திரும்பி, கடகடவென்று என்னவோ சொன்னார்.

ஹேசுனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அப்பா மூலிகை வியாபாரத்துக்காக வருஷத்துல பாதி நாள் சீனாவுலதான் இருப்பார்” என்றாள் யேசோல் பெருமையாக. “அத்தை சீனம் படிக்கறாங்கன்னு கேட்டதுலேர்ந்து அப்பாவுக்கு ஒரே குஷி. வீட்டுல அவர்கூடப் பேச ஆளே இல்ல.”

மான்சிக்கின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூலிகை வியாபாரம் என்று தெரியும். மூலிகை எங்கிருந்து வருகிறது என்று மனிதர் இதுவரை யோசித்ததில்லை.

சம்பந்தி குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாக, விரல் நீட்டி, மறுபடி ஏதோ கேட்டார்.

“அவ கூச்சப்படுவா, சம்பந்தி” என்றார் மான்சிக். மேஜைக்குக் கீழே அவர் கை ஹேசுனின் முழங்காலைக் கிள்ளியது. “இப்பதானே ஆரம்பிச்சிருக்கா. என்ன, குன்ஹோ அம்மா?”

நல்ல பதில் தயாராகத் தொண்டையில் இருந்தது. ‘இன்னும் எழுத்துதான் படிக்கிறேன், சிரிக்காதீங்க’ என்று சொல்லி வாயைக் கையால் மறைத்துக்கொண்டால் எல்லாரும் சிரிப்பார்கள், அடுத்த தட்டு வரும், தேதி குறித்துவிடலாம். முப்பது வருஷமாக அவள் இதைத்தான் செய்துவந்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

ஆனால் நெஞ்சுக்குள் அந்தச் சூடு ஏறத் தொடங்கிவிட்டது. பைபாஸில் ஏறிய அதே சூடு. மூச்சு மேலே வந்து அடைபட்டு நின்றது. ஹேசுன் தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தப் பொய்யையும் விழுங்கினால் அது நேரே அங்கேதான் போய் உட்காரும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“எனக்குச் சீனம் தெரியாது, சம்பந்தி. ஒரு எழுத்துகூடத் தெரியாது.”

“அதான் சொன்னேனே, கூச்சம்...”

“நீங்க சும்மா இருங்க.” கணவரை அவள் பார்க்கக்கூட இல்லை. “எனக்கு மூச்சு அடைக்குது. வேலையில வண்டியிலயே ஒரு தடவை அடைச்சிருச்சு. கூட இருந்த பொண்ணு செத்திருப்பா. அதுக்காக மனநல ஆலோசகர் ஒருத்தர்கிட்ட சனிக்கிழமை பேசறேன். காலைலகூடப் பேசிட்டுதான் வந்தேன். கிளாஸ் எதுவும் இல்ல.”

பரிமாற வந்த பெண் தட்டோடு அப்படியே பின்வாங்கிக் கதவை மூடிக்கொண்டாள். குன்ஹோ தலையைக் குனிந்து மீன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தியம்மாள்தான் முதலில் பேசினாள். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க. அது... பரம்பரையா வர்றதா?”

“எது, உள்ளே அடக்கி வச்ச கோபமா?” என்றாள் ஹேசுன். “எங்கம்மாவுக்கு இருந்தது. வெளியில காட்ட மாட்டாங்க. உங்கம்மாவுக்கு இருந்ததில்லையா?”

சம்பந்தியம்மாள் கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லி முடித்தபோது ஹேசுனுக்கு மூச்சு வந்துவிட்டது. அடிவயிறு வரை இறங்கிப் போன நல்ல மூச்சு. அவள் விலா எலும்பில் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள். அந்த மேஜையில் அன்று ருசித்துச் சாப்பிட்டது அவள் ஒருத்தி மட்டும்தான்.

“தேதி விஷயத்தை அப்புறம் போன்ல பேசிக்கலாம்” என்றார் சம்பந்தி. இனிப்புக்குக்கூட அவர்கள் நிற்கவில்லை.

*

ஹோட்டல் பார்க்கிங்கில் நல்ல காற்று. பெண் வீட்டாரின் கார் திரும்பி மறைகிற வரைக்கும் மூன்று பேரும் குனிந்து நின்றார்கள். நிமிர்ந்ததும் குன்ஹோவுக்குத் தாங்கவில்லை.

“ஒரு நாள்மா. ஒரே ஒரு நாள் சமாளிச்சிருக்கக் கூடாதா?”

“அந்த ஒரு நாளைத்தான்டா நான் முப்பது வருஷமாச் சமாளிச்சுகிட்டிருக்கேன்.”

“யேசோல் வீட்டுல வேண்டாம்னுட்டா?”

ஹேசுனுக்கு அங்கே மட்டும் வலித்தது. யேசோலை அவளுக்குப் பிடிக்கும். மகனின் முகத்தில் இருந்த பயமும் நிஜம். “வேண்டாம்னா நானே அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசறேன். ஆனா வியாதி இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதை மட்டும் கேக்காதே.”

“யாரும் எங்கயும் போக வேண்டாம்” என்று மான்சிக் குறுக்கே வந்தார். அவர் அதற்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டார். “நீ சாயங்காலம் அந்தம்மாவுக்கு போன் பண்ணு. ராத்திரி சரியாத் தூங்கல, ஏதோ உளறிட்டேன்னு சொல்லு. ஆலோசகர்னா நிஜ ஆலோசகர் இல்ல, டயட் சொல்றவங்கன்னு சொல்லு. மூச்சு எடை கூடினதால அடைக்குது. என்ன, நல்லா இருக்குல்ல?”

சொல்லிக்கொண்டே அவர் காரின் முன் சீட்டில் ஏறி பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். குன்ஹோ பின் சீட்டில் ஏறினான். ஹேசுன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சாவியைத் தொடவில்லை.

வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி ஊற வைக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே இருப்பார். பாத்திரம் கழுவி முடிக்கிறபோது இந்தச் சூடு ஆறியிருக்கும், கை தானாக நல்ல பதிலுக்குத்தான் போகும்.

“இறங்குங்க” என்றாள்.

“என்ன?”

“ரெண்டு பேரும் இறங்குங்க. எனக்கு ஒரு டெஸ்ட் எழுதணும். பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது.”

“இங்கயா? இப்பவா?”

“பெல்ட்டைக் கழட்டுங்க. கதவைத் திறக்கறதுக்கு முன்னால பின்னால வண்டி வருதான்னு பாருங்க. இறங்குங்க.”

ஓட்டுநர் பள்ளியில் பேசுகிற குரல். சத்தம் இல்லை, அவசரம் இல்லை, மறு பேச்சுக்கும் இடம் இல்லை. அந்தக் குரலை மான்சிக் வீட்டில் கேட்டதே கிடையாது. பின்னால் பார்த்துவிட்டு இறங்கினார். குன்ஹோவும் இறங்கினான். ஹேசுன் நான்கு கதவையும் பூட்டினாள்.

போனில் லிங்க்கைத் திறந்தாள். முதலிலிருந்து எல்லாம் காலியாக இருந்தது.

நான் பெரும்பாலும் நன்றாகத் தூங்குகிறேன். இல்லை.

சில நேரம் கையில் கிடைப்பதைத் தூக்கி எறிய வேண்டும் போல இருக்கிறது. ஆம்.

என் வீட்டில் உள்ளவர்கள் நான் சொல்வதைக் காதில் வாங்குகிறார்கள். ஹேசுன் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோட்டும் சூட்டுமாக இரண்டு ஆண்கள் காற்றில் நின்று, தங்களுக்குள் ஏதோ தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இல்லை.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தாள். பத்து இருபது தாண்டிய பிறகு ஒரு முறையே போதுமாயிற்று. சிலவற்றுக்கு ‘ஆம்’ போட்டபோது வெட்கமாக இருந்தது. சிநேகிதியின் மகள் டாக்டரானபோது வயிறு எரிந்ததுண்டு, ஆம். செத்துப்போன மாமியாரை மனதுக்குள் திட்டியதுண்டு, ஆம். ஒன்றுக்கு அழுகையே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டாள், போன் கையிலேயே அடித்தது. கேள்வியை மறைத்துக்கொண்டு திரையில் ஒரு பெயர் வந்தது. வோஞ்ஜு சம்பந்தியம்மாள். பெண்ணின் அம்மா, ஆண்களிடம் பேசாமல், நேராக அவளுக்கே கூப்பிடுகிறாள்.

சத்தம் வெளியே கேட்டிருக்க வேண்டும். மான்சிக் ஓடிவந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். பெயரைப் படித்ததும் தட்டத் தொடங்கினார்.

“எடு. குன்ஹோ அம்மா, எடு. சம்பந்தியம்மா. டயட்னு சொல்லு, டயட்.”

குன்ஹோ அவருக்குப் பின்னால் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். ஹேசுன் மகனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாள்.

“முடிச்சிட்டு நானே கூப்பிடறேன். உள்ளதைச் சொல்வேன்.”

“அதுவரைக்கும் அவங்க காத்திருப்பாங்களா?” என்றார் மான்சிக்.

“இருக்கட்டும். டெஸ்ட் நடக்குது. பின்னால போய் நில்லுங்க.”

கண்ணாடியை ஏற்றினாள். அழைப்பைத் தள்ளிவிட்டு, மறைந்திருந்த கேள்வியைப் படித்தாள்.